பெயர் சொல்லிச் செய்த மன்றாட்டு

சேசு மரி சூசை துணை

கெல்சென்கிர்ச்சன்
9 பெப்ரவரி

இயேசுவில் அன்புள்ள தங்கச்சி அன்னாவுக்கு,

உன் அக்கா கொறற்றி எழுதுவது. உன்னைச் சிஸ்டர் என்றுதான் அழைக்க வேண்டும் என்று தெரியும். உனக்குப் பேன் பார்த்துவிட்ட கைக்கு அந்தச் சொல் எழுத வரவில்லை. கடிதத்தை மதர் முதலில் வாசிப்பார் என்றால், மதர், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு பேரும் சுகம். குளிருக்கு அத்தானின் முழங்கால் வழக்கம்போல முறைப்பாடு வைக்கிறது. மகள் சுஜீவா டுசல்டோர்ஃபில் வேலைக்குச் சேர்ந்து வீடும் எடுத்துவிட்டாள். நீ அங்கே குளிரில் வெறுங்காலோடு நடக்காமல் காலுறை போடு. நான் அனுப்பியது வந்து சேர்ந்ததா என்று எழுது.

வெளியே வர விடாத உங்கள் அடைப்பு மடத்தில் தொலைபேசி இல்லை என்று எத்தனை வருடம் குறைபட்டிருப்பேன். இன்றைக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. நான் எழுதப்போகும் விஷயத்தை இந்த ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்க முடியாது. அத்தானிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் அவரோடு பேக்கரியில் மாவு பிசைகிற பன்னிரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். தங்கமான மனிதர், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லை.

நான் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தில் துணி துவைக்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். துவைப்பதோடு என் வேலை முடிவதில்லை. ஆட்ட நாளில் உடைமாற்றும் அறையில் யாருடைய ஜேர்சி எந்தக் கொளுக்கியில் என்று தொங்கவிடுவதும் நான்தான். அதற்காகக் கோச் ஒவ்வொரு வெள்ளியும் தன் கையால் எழுதிய பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து தருவார். பதினொரு பெயர் ஒரு பக்கம், மாற்று ஆட்டக்காரர் மறுபக்கம். நாளைக்கு யார் இறங்குவார்கள் என்று ஆட்டக்காரருக்கே தெரியாதது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் பொடியன்கள் சலவை அறை வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் கல்லுப் போல இருப்பேன்.

கோச்சின் பெயர் இக்னாசியோ ஒர்மாசா. நம்முடைய புனித இஞ்ஞாசியாரின் நாட்டுக்காரர், பெயரும் அதேதான், கோயில் பக்கம் மட்டும் போகமாட்டார். ஸ்பெயினின் வடகரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்து, பதினேழு வயதில் கழகத்துக்குப் போனவர். முன்வரிசையில் நின்று கோல் போடுகிறவர். போட்ட கோல்களில் பாதிக்கு மேல் தலையால் போட்டவை. வீட்டுக்குப் பின்னால் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு இருநூறு தடவை தலையால் முட்டிப் பழகினாராம். இருபத்தைந்தில் ஜேர்மனிக்கு வந்து, இரண்டாம் பிரிவில் ஒரே பருவத்தில் பத்தொன்பது கோல். அத்தான் அந்த வருடத்தைப் பற்றிப் பேசினால் கண் கலங்குவார். எங்கள் கலியாணத் திகதி அவருக்கு அவ்வளவு ஞாபகம் இல்லை.

முதல் பிரிவுக் கழகம் ஒன்று அவரை எடுக்கப்போகிறது என்று பேப்பரில் வந்த அதே கிழமை முழங்கால் சவ்வு அறுந்தது. பிறகு சின்னச் சின்னக் கழகங்களில் இழுபட்டு, முப்பத்துமூன்றில் காலணியைக் கழற்றினார். கோச் ஆன பிறகும் யாரும் மாலை போட்டு அழைக்கவில்லை. சிறுவர் அணி, உதவிக் கோச், கிழக்கில் ஒரு கழகத்தில் ஏழே ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்து ஐந்து வருடம். ஐந்தாம் பிரிவில் கிடந்தவர்களை நாலாம் பிரிவுக்கு ஏற்றியவர் அவர். இந்தப் பருவம் நாங்கள் திரும்பக் கீழே விழுகிற நிலையில் இருக்கிறோம். தப்பினால் அவருக்கு இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம். விழுந்தால் நாற்பத்தொன்பது வயதில் அவரை வேறு யாரும் தேடப்போவதில்லை.

மனிதர் எப்படிப்பட்டவர் என்றால், காலுறைகளைச் சோடி சேர்க்க எனக்கு உதவி செய்கிற ஒரே ஆள் அவர்தான். நான் கொண்டுபோகும் மீன் ரோல்ஸை நின்ற நிலையில் மூன்று சாப்பிடுவார். இந்தக் கட்டடத்தில் எனக்கு நன்றி சொல்கிறவர்களை ஒரு கையில் எண்ணலாம்.

போன வெள்ளி அவர் தந்த பட்டியலில் ஒன்பதாம் இலக்கத்துக்கு எதிரே ஒர்மாசா என்று எழுதியிருந்தது. எங்கள் ஒன்பதாம் இலக்கக்காரன் யோனாஸ். நான் பகிடி என்று நினைத்து, நீங்கள் இறங்குவதென்றால் பெரிய அளவு ஜேர்சி தேட வேண்டும் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பட்டியலைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. கதவைச் சாத்திவிட்டு அழுக்குத்துணிக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

போன கோடையில் தொடங்கியதாம். பெயர்கள் போய்விடுகின்றன, தெருக்கள் போய்விடுகின்றன. ஒரு நாள் பயிற்சி முடிந்து காரை எடுத்தவர், இருபது வருடத்துக்கு முன் ஆடிய கழகத்தின் மைதானத்துக்கு ஓட்டிப்போய், அங்கே போய்த்தான் விழித்திருக்கிறார். மூளை வைத்தியரைப் பார்க்கக் கிடைத்த ரெர்மின் திகதியை ஜூனுக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார், பருவம் முடியட்டும் என்று. மனைவியும் மகளும் ஸ்பெயினில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் பட்டியலை நான் சரிபார்த்துத் தர வேண்டும், ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். நான் ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

தங்கச்சி, அவருக்காகச் செபி. எனக்காகவும். ஒரு பெரிய மனிதரின் மானம் என் ஏப்ரனுக்குள் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.
அன்பு அக்கா,
கொறற்றி


சேசு மரி சூசை துணை

கெல்சென்கிர்ச்சன்
30 மார்ச்

அன்பான என் அன்னாவுக்கு,

தவக்காலத்தில் நீங்கள் கடிதம் எழுதுவதில்லை என்று தெரியும். பதில் வராதென்று தெரிந்தும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

ஏழு வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஒரு கிழமை பன்னிரண்டு பெயர் எழுதியிருந்தார். இன்னொரு கிழமை போன வருடம் விற்றுவிட்ட ஒருவனைப் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார். ஒரு கிழமை எல்லாம் சரி, ஆனால் எதிரணி எது என்று மேலே எழுதியது பிழை. நான் பென்சிலால் மெல்லக் கோடு போடுவேன், அவர் பார்த்து ஓமென்று தலையாட்டுவார், புதிதாக எழுதித் தருவார். பழைய தாளை நான் வாங்கிச் சலவைத்தூள் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள் என்று பயம்.

ஆனால் மைதானத்தில் அவரைப் பார்த்தால் நீ நம்பமாட்டாய். பந்து எங்கே வரப்போகிறது என்று அது வருமுன்னமே தெரிகிறது. போன சனி பின்னால் நின்றவர்களை முன்னுக்குத் தள்ளி, கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கித் தந்தார். எந்தக் காலால் எவன் அடிப்பான் என்பதெல்லாம் அவருக்கு மறக்கவில்லை. அவன் பெயர்தான் மறக்கிறது. அதனால் எல்லாரையும் மகனே என்று கூப்பிடுகிறார். பொடியன்களுக்குச் சந்தோசம், கோச் அன்பாகிவிட்டார் என்று நினைக்கிறார்கள்.

எனக்குத்தான் உடம்பு மெலிகிறது. சனிக்கிழமை அவர் வாய் திறக்கும்போதெல்லாம் ஏப்ரனுக்குள் செபமாலையைத் தேடுவேன். அத்தான் ஒரு நாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, “உமக்கு என்ன நடந்தது? உப்பும் இல்லை, கதையும் இல்லை” என்று கேட்டார். தோள்மூட்டு நோ என்று சொல்லிச் சமாளித்தேன். அது முழுப்பொய் இல்லை. கழகத்தின் பிசியோ சாண்ட்ரா என்ற பிள்ளைதான் வேலை முடிந்த பிறகு நின்று என் தோளைப் பிடித்துவிடுகிறாள். மூன்று மாதமாக ஒரு சதமும் வாங்கவில்லை. கோச்சின் போக்கில் ஏதோ பிழை என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். கோச்சுக்குத் தலையிடியா என்று ஒருமுறை கேட்டாள், எனக்குத் தெரியாது என்றேன்.

இன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மாதத்துக்கொரு தமிழ்ப் பூசை இன்று. கோயில் வாசலில் மன்றாட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். நான் ஒரு துண்டு எழுதிப் போட்டேன். நம் ஊர் மன்னாரில் நாம் எப்படி எழுதுவோம்? பெயர், வருத்தம், ஆஸ்பத்திரி, வார்ட், கட்டில் இலக்கம் வரைக்கும் எழுதுவோம். ஆண்டவருக்கு ஆள் மாறிவிடக்கூடாது என்று அம்மா சொல்லுவாவே. அப்படியே எழுதினேன்: எமது உதைபந்தாட்டக் கழகப் பயிற்சியாளர் இக்னாசியோ ஒர்மாசாவைப் பீடித்துள்ள மறதி நோய் நீங்கிப் பூரண சுகம் பெற மன்றாடுவோம். கொடுத்தவரின் பெயரை எழுதவில்லை. வாசித்த பிள்ளை திருத்தமாக வாசித்தது. இருநூறு பேர் ஒரே குரலில், ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொன்னபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எத்தனை கிழமைக்குப் பிறகு நெஞ்சுக்குள் காற்றுப் போனது தெரியுமா?

யோசிக்காதே, தமிழில்தானே வாசித்தார்கள். இங்கே வெள்ளைக்காரருக்கு என்ன விளங்கப்போகிறது? அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கோச் என்றால் யார் என்றே தெரியாது. வெளியே வர முடியாத வயதானவர்களுக்காகப் பூசையை இணையத்தில் நேரே காட்டுகிறார்கள். சுஜீவா அதில் பார்த்துவிட்டு, அம்மா சேலை வடிவு என்று அழைத்துச் சொன்னாள்.

இன்னும் ஏழு ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு செபமாலை சொல்லிவிடு.

உன் பாதத்தில் கல்லு முள்ளுத் தைக்காமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.
அக்கா கொறற்றி


சேசு மரி சூசை துணை

கெல்சென்கிர்ச்சன்
11 மே

என் தங்கச்சி,

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை. அக்கா ஒரு பெரிய பிழை விட்டுவிட்டேன்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த சனி நாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். எங்கள் சனமே கோச்சைப் பார்த்துக் கூவியது. அன்றைக்கு இரசிகர்களின் இணையப் பக்கத்தில் யாரோ புனைபெயரில் எழுதியிருக்கிறார்கள்: அவரைத் திட்டாதீர்கள், அந்த மனிதருக்கு மறதி நோய், நம்பத்தகுந்த இடத்தில் கேட்டறிந்தேன், சுகம் பெற வாழ்த்துவோம் என்று. திங்கட்கிழமை பேப்பர்க்காரர் வாசலில் நின்றார்கள்.

எழுதியது யார் தெரியுமா? நம்முடைய டக்ளஸ். கோயில் பாடற்குழுவில் மிருதங்கம் அடிக்கிறவர், எங்கள் கழகத்துக்குப் பருவச் சீட்டு வைத்திருக்கிறவர். மன்றாட்டை வாசித்தபோது அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சனம் கூவியது பொறுக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு பயந்துபோய் அழித்தும்விட்டார். அத்தானிடம் அதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். அத்தான் சாப்பாட்டு மேசையில் வந்து, “எடி, உங்கட கோச்சுக்கு மறதி வருத்தமாம். பூசையில் ஆரோ மன்றாட்டுக் குடுத்திருக்கினமாம். உமக்குத் தெரியுமே?” என்று கேட்டார். நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்குப் பூட்டு இல்லாத அந்த மனிதர் இன்றுவரை அதை வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை.

கோச் பேப்பர்க்காரர் முன்னால் அது பச்சைப் பொய் என்றார். சிரித்துக்கொண்டு, பத்தொன்பது கோல் போட்ட பருவத்தில் தன்னோடு ஆடிய பத்துப் பேரின் பெயரையும் ஜேர்சி இலக்கத்தோடு மடமடவென்று சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கதவோரம் துவாய் மடித்துக்கொண்டு நின்றேன். பழையது அவருக்கு ஒரு நாளும் மறந்ததில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

கழகத் தலைவர் விடவில்லை. கழகத்துக்குள் இருந்து யாரோதான் கதை கட்டியிருக்கிறார்கள், ஆளைப் பிடிக்க வேண்டும் என்று நின்றார். கோப்புகளைப் பார்த்தபோது, கோச்சின் ஞாபகத்தைப் பரிசோதித்தால் நல்லது என்று சாண்ட்ரா மாசியில் ஒரு வரி எழுதியிருந்தது அகப்பட்டது. கழகத்தில் அந்தச் சொல் இருந்த ஒரே தாள் அது. சாண்ட்ராவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். வருகிற வெள்ளி காலை விசாரணை. நோயாளியின் இரகசியத்தை வெளியே விட்டவள் என்று பதிந்தால் இந்தக் கழகம் மட்டுமல்ல, அவள் படித்த தொழிலே போய்விடும். என் தோளைப் பிடித்துவிட்ட பிள்ளை அவள்.

இதில் நான் எங்கே நிற்கிறேன் என்று பார். நான்தான் சொன்னேன் என்று எழுந்து நின்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கோச்சே சொன்னார் என்று சொல்ல வேண்டும். அவர் ஊரறியச் சொன்னது பொய் என்றாகிவிடும். சனிக்கிழமை கடைசி ஆட்டம், ஒரு புள்ளி எடுத்தால் தப்புவோம், அவருக்கு ஒப்பந்தமும் கிடைக்கும். நான் வாயை மூடினால் அவர் தப்புவார், சாண்ட்ரா அழிவாள். திறந்தால் சாண்ட்ரா தப்புவாள், அவர் அழிவார். இரண்டு வாரமாகத் துவைத்த துணியையே திரும்பத் துவைக்கிறேன்.

கோச்சுக்கு என்மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. நேற்று என்னிடம் வந்து, இது உங்களிடமிருந்து போகவில்லை என்று எனக்குத் தெரியும் கொறற்றி, நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றார். செவிட்டில் அறைந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

பட்டியல்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. எரித்துவிடு என்று ஒரு மனம் சொல்கிறது. அத்தானிடம் கேட்டேன். “நான் ஒண்டும் சொல்லமாட்டன். உம்மட மனச்சாட்சிக்கு நான் என்னெண்டு மறுமொழி சொல்லுறது” என்று மட்டும் சொன்னார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வெள்ளியும் சனியும் போய்விட்டிருக்கும். பரவாயில்லை, அப்போதும் செபி. ஆண்டவர் நேரகாலம் பார்த்தா கேட்கிறார்?

பாவியான உன் அக்கா,
கொறற்றி


சேசு மரி சூசை துணை

கெல்சென்கிர்ச்சன்
29 ஜூன், இராயப்பர் சின்னப்பர் திருநாள்

இயேசுவில் அன்புள்ள அன்னாவுக்கு,

உன் கடிதம் வந்தது. உண்மையைச் சொல் அக்கா என்று நீ ஒரே வரியில் எழுதியிருந்தாய். அது வந்து சேர்ந்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வியாழன் மத்தியானம் கோச்சிடம் போய் நான்தான் என்று சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. கோயிலில் எப்படி, ஏன், யாரிடம் என்று கேட்டார். மன்றாட்டு என்றால் என்ன என்று சொன்னேன். என் பெயரைச் சொன்னீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். எத்தனை பேர் இருந்தார்கள் என்றார். இருநூறு என்றேன். அதைத் தமிழில் சொல்லிக்காட்டச் சொன்னார். சொன்னேன். தன் பெயர் வந்த இடத்தில் தலையை நிமிர்த்தினார். என்னைத் திட்டவில்லை, அதுதான் அதிசயம். சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கள், ஞாயிற்றுக்கிழமை நானே தலைவரிடம் போய் எல்லாம் சொல்கிறேன் என்றார். அப்போ நாளைக்குச் சாண்ட்ரா என்று கேட்டேன். திங்கட்கிழமை அதைத் திருத்திவிடலாம் என்றார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு ஆட்டம் கொறற்றி என்றார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

வெள்ளி காலை பட்டியல் கொண்டுவந்தார். பதினொரு பெயரும் சரி, மாற்று ஆட்டக்காரரும் சரி, எதிரணியும் சரி. முதல்முறையாக ஒரு கோடும் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோசம், பிள்ளையைப் போல.

பத்தரைக்குத் துவாய் அடுக்க மேல்மாடிக்குப் போனேன். தலைவரின் அறைக்கு வெளியே சாண்ட்ரா கதிரையில் உட்கார்ந்திருந்தாள். தாயாரும் பக்கத்தில். தன் சான்றிதழ்களை எல்லாம் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள், அதைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்பதுபோல. என்னைக் கண்டதும், தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

நான் துவாயை அங்கேயே வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன். கேட்காமல் உள்ளே போனேன். என் ஜேர்மன் உடைந்த ஜேர்மன், ஆனால் அன்றைக்கு ஒரு சொல்லும் தடக்கவில்லை. தலைவர் நம்பவில்லை. பிசியோவைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாயா, ஆதாரம் என்ன என்று கேட்டார். கீழே போய்ப் பெட்டியை எடுத்துவந்து பட்டியல்களை மேசையில் பரப்பினேன். அந்தக் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு தாளாக எடுத்து என் பென்சில் கோடுகளைப் பார்த்தார். தங்கச்சி, சொல்லித்தான் இருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாள்களை அங்கே வைத்த என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு மணிக்குள் கோச்சுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவர் சலவை அறைக்கு வந்தார். ஐந்து வருடத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. உன்னிடம் ஒரே ஒரு நாள்தானே கேட்டேன், அதைத் தர உன்னால் முடியவில்லையா என்று கத்தினார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததெல்லாம் கடைசிக் கிழமையில்தான் பறிபோகும் என்றார். சாகும்வரை இதை மறக்கமாட்டேன் என்றார். கையில் இருந்த ஜேர்சியை நிலத்தில் எறிந்துவிட்டுப் போனார். நான் மன்னியுங்கள் என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் கார் போய்விட்டது.

சனிக்கிழமை உதவிக் கோச் அந்தப் பட்டியலையே வைத்து அணியை இறக்கினார். ஒன்றுக்கு ஒன்று. தப்பிவிட்டோம். சனம் மைதானத்துக்குள் ஓடிவந்து ஆடியது. நான் உள்ளே காலுறை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சாண்ட்ரா வேலைக்குத் திரும்பிவிட்டாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூன்று கிழமை வாய் திறக்காமல் இருந்தவள் நான்தானே, அவள் செய்வது சரிதான். கழகம் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்து வேலையில் வைத்திருக்கிறது. டக்ளஸ் கோயிலில் என்னைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போகிறார்.

பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நோயை வெளியே விட்டதற்கும், சத்தியத்தை மீறியதற்கும். பாவமன்னிப்புத் தந்தார். ஆனால் அந்த மனிதரிடமும் நேரே மன்னிப்புக் கேட்க வேண்டும் மகள் என்றார். அவர் ஸ்பெயினுக்குப் போய்விட்டார், போன் எடுப்பதில்லை. திரும்பி வந்தால் சொல்வதற்காக சுஜீவாவைக் கொண்டு நல்ல ஜேர்மனில் எழுதுவித்துப் பாடமாக்கினேன். பத்து வரி. பேருந்தில் போகும்போதெல்லாம் அதைத்தான் முணுமுணுத்தேன்.

போன புதன்கிழமை கோச் சலவை அறைப் பக்கம் வந்தார். வீட்டைக் காலி செய்ய மனைவியோடு வந்திருக்கிறார். வைத்தியர்கள் சோதித்துவிட்டார்களாம், தலையால் முட்டிய பந்தெல்லாம் கணக்குக் கேட்கிறது என்று மனைவிதான் வாசலில் வைத்து மெல்லச் சொன்னார். இரண்டு மாதத்தில் வேகமாகப் போய்விட்டதாம். கழகத்தில் நடந்ததெல்லாம் மனைவிக்குத் தெரியும். தலைவர் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பியிருக்கிறார்.

கோச் உள்ளே வந்தார். மெலிந்திருந்தார், சவரம் ஒழுங்காகச் செய்திருந்தார். என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நான் பாடமாக்கிய முதல் வரியைத் தொடங்குவதற்குள், மனைவியின் பக்கம் திரும்பி, எனக்கும் விளங்க வேண்டும் என்று ஜேர்மனில் சொன்னார்: இவர்தான் கொறற்றி. நான் உன்னிடம் கூடச் சொல்லாததை இவரிடம் சொன்னேன். கழகமே அலசிப் பார்த்தது, இவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை.

பெருமையாகச் சொன்னார் தங்கச்சி. என் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தார். கண் நிறைந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு, துவைத்து மடித்து வைத்திருந்த உடுப்புப் பையைக் கோச்சிடம் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார். கார் வரைக்கும் போய்த் திரும்பி ஒருமுறை கை காட்டினார்.

பாதர் சொன்னதை நான் செய்யவில்லை. இனிச் செய்யவும் முடியாது. அவரிடம் போய் நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொன்னால், அவருக்கு மிச்சமிருக்கிற ஒரு நல்ல ஆளையும் அவரிடமிருந்து பறிக்கிறேன். சொல்லாமல் இருந்தால் அந்தப் பாராட்டைக் களவாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். அத்தான், “விடும், மனுசன் நிம்மதியாய் இருக்கட்டும்” என்கிறார். என்னால் ஏலாமல் இருக்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மதரும் உங்கள் மடத்தில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள். அவருக்கு ஞாபகம் திரும்ப வேண்டும் என்று செபியுங்கள். வைத்தியர்கள் அது நடக்காது என்கிறார்கள், சொல்லட்டும். மகளின் பெயர் வரட்டும். வீட்டுக்குப் போகும் வழி வரட்டும். அந்த வெள்ளிக்கிழமையும் சேர்த்து வரட்டும். அவர் அழைத்து என்னைத் திட்டட்டும், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

உன் அன்பு அக்கா,
கொறற்றி ஜேசுரட்ணம்